ரொவேனாவின் தெருவுக்குப் பத்து வரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கதை என்று நினைத்து நான் எழுத ஆரம்பிக்கவில்லை. ஹேமாவதி என்னிடம் கேட்டது பத்து வரிதான். "அண்ணா, நடந்ததை நடந்த மாதிரி ஒரு பத்து வரி எழுதிக் குடுங்க. நான் ஃபோன்ல அவங்க பாஷைக்கு மாத்தி நம்ம பேஜ்ல போட்டுடறேன்" என்றாள். பத்து வரிதானே என்று உட்கார்ந்தேன். அவள் வேலையை விட்டே போய்விட்டாள். நான் இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

அந்தப் பத்து வரி யாருக்கு என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிலிப்பைன்ஸில் பட்டாங்காஸ் பக்கம் ஒரு கடலோர ஊர். அங்கே கருவாடு விற்கிற ரொவேனா என்று ஒரு பெண். அவள் பேச்சை நம்பி அவள் தெருவே எங்களிடம் பர்ஸ் வாங்கப் பேர் கொடுத்தது. பர்ஸ் போய்ச் சேரவில்லை. அவளால் தெருவில் தலை காட்ட முடியவில்லை. ஏன் வரவில்லை என்று தெருவுக்குச் சொல்ல அவளுக்கு ஒரு பதில் வேண்டும். அதை எழுத வேண்டியவன் நான்.

நான் என்றால் முனிரத்தினம். பம்மலில் ஷாகுல் பாய் யூனிட்டில் பேக்கிங் வேலை. தோல் பர்ஸ், கைப்பை, பெல்ட். எழுத்து கற்றுக்கொண்டது நாற்பது தாண்டி. சொல்லிக் கொடுத்தது என் வீட்டுக்காரி கீதா. இதற்குமேல் அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. ஏன் என்று ஐந்தாவது பகுதியில் உங்களுக்கே தெரியும்.

2

முதல் தடவை இப்படி ஆரம்பித்தேன்:

தரமான தோல் பொருட்களுக்குப் பெயர் பெற்ற எங்கள் நிறுவனம்

அதோடு நின்றுவிட்டது. எங்கே பெயர் பெற்றோம்? பம்மலிலேயே எங்கள் யூனிட்டுக்கு வழி கேட்டால் பக்கத்துப் பஞ்சர் கடையைச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

இரண்டாவது தடவை:

கடல் கடந்து வாழும் அன்பு உள்ளங்களுக்கு

கீதா படித்துப் பார்த்துவிட்டு, இது யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று கேட்டாள்.

மூன்றாவது:

ரொவேனா, நல்லா இருக்கியா

இது கொஞ்சம் சரியாக இருந்தது. ஆனால் நல்லா இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படிக் கேட்பது? அதையும் விட்டேன். ஆகவே எப்படி ஆரம்பித்ததோ அங்கிருந்தே சொல்கிறேன். அழகாக இருக்காது.

பாய்க்கு வருஷா வருஷம் வந்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோனது. ஏன் நின்றது என்பது வேறு கதை, அதை எழுதத் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். தைத்து முடித்த பர்ஸெல்லாம் மாடியில் அட்டைப்பெட்டியில் கிடந்தது. இங்கே கடைகளில் ரெக்சின் விலைக்குக் கேட்டார்கள். அப்போது கணக்கு எழுத வந்திருந்த ஹேமாவதிதான் பிலிப்பைன்ஸ் என்றாள்.

சேலையூர்ப் பெண். அதற்கு முன்னால் ஓஎம்ஆரில் ஒரு கால் சென்டரில் வேலை. அவள் டீமில் பாதிப் பேர் மணிலாவில் உட்கார்ந்திருந்தார்களாம். தினமும் அவர்களோடு பேசி அவர்கள் குணம் அவளுக்குப் பழக்கம். "சார், அவங்க ஃபோனைக் கீழயே வைக்க மாட்டாங்க. ஒரு பொருள் வாங்கறதுக்கு முன்னாடி விக்கிறவங்ககிட்ட அரை மணி நேரம் பேசணும் அவங்களுக்கு. பேசிட்டா விட மாட்டாங்க. நம்ம ஆளுங்க மாதிரிதான்" என்றாள். பாய் ஃபோனில் மேப்பைத் திறந்து பிலிப்பைன்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

ஏனென்றால் நான் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் பல வருஷம் மூட்டை தூக்கினவன். கேம்ப்பில் என் அறையில் நான் ஒருத்தன்தான் தமிழ், மீதி எல்லாம் பிலிப்பைன்காரர்கள். அவர்கள் பாஷை காது வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. சண்டை போடவும் சோறு கேட்கவும் போதும்.

நெட்டில் எங்கள் பர்ஸுக்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்தாயிற்று. பக்கத்தில் நேரடியாக வீடியோ காட்டுவதற்கு லைவ் என்று பேர், அந்த ஊரில் அது ஒரு சந்தை. பொருளைத் தூக்கிக் காட்டினால், கீழே யார் முதலில் 'மைன்', அதாவது என்னுடையது, என்று போடுகிறாரோ அவருக்கு அது. ஏலமும் இல்லை, பேரமும் இல்லை. முதல் லைவுக்குப் பாயே வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர். ஃபோன் வழியாக வாசனை போகும் என்று நினைத்தாரோ என்னவோ. கமெண்ட் கொட்டியது. ஹேமாவதிக்குச் சந்தோஷம். எல்லாரும் ஒரே வார்த்தையைப் போடுகிறார்களே என்று என்னைப் பார்த்தாள். 'பூக்காஸ்.' நாளைக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே இந்தியாக்காரன் என்றாலே பைக்கில் வந்து வட்டி வசூல் பண்ணுகிறவன் என்று ஒரு நினைப்பு உண்டு. கேம்ப்பில் என்னையே அப்படித்தான் கேலி பண்ணுவார்கள். வசூலுக்கு வந்தவனைப் பார்த்து, இன்றைக்கு இல்லை, நாளைக்கு வா என்று மொத்தமாகச் சொல்கிறார்கள். பாயிடம் விளக்கிச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"எங்க அத்தா காலத்துல இருந்து பேங்க்ல வர்ற வட்டியைக்கூடத் தொடாத குடும்பம்யா. என்னைப் போயி..." என்றார். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்காமலே விடுகிறேன்.

அதற்கப்புறம் அவர் கேமராவுக்கு முன்னால் வரவே இல்லை. ஹேமாவதி ஃபோனைக் கீழே இறக்கி என் கையை மட்டும் காட்டினாள். கை வட்டிக்கு விடாது என்று அவர்கள் நம்பினார்கள் போலிருக்கிறது.

3

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் இதில் கொஞ்சம் ஜோடனை இருக்கலாம். சந்தேகப்பட்டே படியுங்கள்.

ஒரு பழுப்பு நிறப் பர்ஸைத் தூக்கிக் காட்டியபோது ரொவேனா 'மைன்' போட்டாள். அதற்கு முன்னாலேயே அவள் குரல் எனக்குத் தெரியும். எழுதச் சோம்பல் பட்டுக் குரலிலேயே அனுப்புவாள். தையல் பிரியுமா, மீன் தண்ணி பட்டால் என்ன ஆகும், ஜிப்பா பட்டனா. பின்னால் தெருவே கேட்கும். யாரோ யாரையோ திட்டுவார்கள், நாய் குரைக்கும். என்னைக் கூயா என்பாள். (கூயா என்றால் அங்கே அண்ணன். அக்காவுக்கு ஆத்தே. இதைக் கேட்டுக் கீதா ஒரு வாரம் சிரித்தாள்.)

பர்ஸைப் பேக் பண்ணும்போது பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து உள்ளே போட்டேன். யோசித்துச் செய்ததில்லை. காலிப் பர்ஸை யார் கையிலாவது கொடுப்போமா? நீங்களும் கொடுத்திருக்க மாட்டீர்கள். தங்கச்சிக்கு ஒரு பர்ஸ் வாங்கினால் ஒரு ரூபாயாவது போட்டுத்தான் நீட்டுவோம். பழைய ஆர்டருக்கெல்லாம் நான் போட்டதில்லை. அது கடைக்குப் போகிற சரக்கு, யார் எடுப்பார்கள் என்று தெரியாது. இது பேர் தெரிந்த ஒருத்தி கைக்குப் போகிறது.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் ரொவேனா கருவாட்டுக் கடை முன்னால் உட்கார்ந்து அதைப் பிரித்து வீடியோ எடுத்து எங்கள் பக்கத்துக்கு அனுப்பினாள். பர்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், முகர்ந்து பார்க்கிறாள், குலுக்குகிறாள். காசு உள்ளங்கையில் விழுகிறது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். பிறகு பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி, இவங்களும் போடறாங்க பாரு என்கிறாள். அவ்வளவுதான். அங்கேயும் காலிப் பர்ஸ் கொடுக்க மாட்டார்களாம். கிறிஸ்துமஸுக்கு ஞானத்தாய், அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தியவள், அந்த ஞானப்பிள்ளைக்குப் பர்ஸ் கொடுத்தால் உள்ளே ஒரு காசு இருக்குமாம். அவள் அந்தக் காசை மறுபடி உள்ளேயே வைத்து மூடினாள்.

அந்த வீடியோ பரவியதுபோல் எங்களுடையது வேறு எதுவும் பரவவில்லை. அதற்கப்புறம் லைவ் என்றால் ஜனம் காத்திருந்தது, காசு போடுவதைப் பார்க்க. நான் காசைக் கேமராவுக்குக் காட்டி, உள்ளே வைத்து, பட்டனை அழுத்துவேன். டக் என்று சத்தம் வரும். கீழேயிருந்து மேலே இதயமாகப் பறக்கும். ஹேமாவதி பக்கத்தின் உச்சியில் ஒரு வரி எழுதினாள்: 'எங்கள் பர்ஸ் காலியாக வராது.'

அவள் எழுதியதிலேயே நல்ல வரி அது. நான் இதுவரை எழுதியதிலும் அவ்வளவு நல்ல வரி இல்லை.

4

இனி எழுதப் பிடிக்காத பகுதி.

செப்டம்பர் பிறந்தாலே அந்த ஊரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுவிடுவார்கள். ரொவேனாதான் யோசனை சொன்னாள். தெருவில் எல்லாருக்கும் ஞானப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தனித்தனியாகப் பார்சல் வந்தால் கூலி அதிகம், மொத்தமாக என் பேருக்கு அனுப்பு கூயா, நான் பிரித்துக் கொடுக்கிறேன் என்றாள். வீடு வீடாகப் போய்ப் பேர் வாங்கினாள், பணத்தையும் முன்னாலேயே வாங்கி அனுப்பினாள். நம்பாதவர்களிடம் தன் பர்ஸையே காட்டினாளாம். இந்த ஆள் நல்லவனா என்று கேட்டவர்களிடம், கையைப் பார்த்திருக்கிறேன் என்றாளாம்.

பாய் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் வெளிச்சம். தையல்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டார். ஹேமாவதி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் ஒவ்வொரு பர்ஸிலும் காசு போட்டுப் பெட்டி கட்டினேன்.

மீனம்பாக்கத்தில் ஒரு கார்கோ ஏஜெண்டு ஆபீஸ். நானும் ஹேமாவதியும் பெட்டிகளோடு போனோம். அங்கே இருந்தவர் ஹரிபிரசாத், நல்ல மாதிரி, எங்களுக்கு டீ சொன்னார். பெட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"பர்ஸ் மட்டும்தானே சார்? உள்ள வேற ஐட்டம் எதுவும் இல்லையே?"

"பர்ஸ்தான் சார். வேற ஒண்ணும் கெடையாது" என்றேன்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் என்னை நிறுத்துகிறார்கள். பாய் நிறுத்தினார், கீதா நிறுத்தினாள், இதைப் படிக்கிற நீங்களும் நிறுத்துவீர்கள். நீதானே போட்டாய், மறந்துவிட்டாயா? மறக்கவில்லை. மறைக்கவும் இல்லை. ஜிப் இருக்கிறதா என்று தனியாகச் சொல்வோமா? பட்டன் இருக்கிறதென்று சொல்வோமா? பர்ஸ் என்றால் காசோடு சேர்ந்ததுதான் பர்ஸ். பக்கத்தில் நின்ற ஹேமாவதி, காசைப் பற்றி ஊருக்கே எழுதிப் போட்டவள், அவளும் தலையை ஆட்டினாள். கேள்வி எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. இரண்டு பேருக்கும் காசு வேறு பொருளாகத் தோன்றவில்லை. யாரும் இதை நம்புவதில்லை. கதையில் எழுதினாலும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஒன்றிரண்டாகப் போனபோது யார் கண்ணிலும் படாதது, பெட்டி பெட்டியாகப் போனபோது மணிலாவில் ஸ்கேன் பண்ணுகிற மெஷினில் பட்டது. வரிசை வரிசையாகக் கறுப்பு வட்டம். பார்சலில் காசு அனுப்பக் கூடாதாம், அது எங்கள் யாருக்கும் தெரியாது. சொல்லாமல் அனுப்பினால் இன்னும் மோசமாம். ஹரிபிரசாத் ஃபோன் பண்ணினார்.

"என்ன சார் இது, எல்லாப் பர்ஸ்லயும் ஒவ்வொரு காயின்? ஏதாவது மந்திரமா?"

பாய் அலைந்தார். அபராதம் கட்டித் திருப்பி எடுப்பதென்றால் சரக்கின் விலையைத் தாண்டியது. அப்படியே விட்டுவிட்டார். பெட்டிகள் அங்கே ஏதோ கிடங்கில் கிடக்கின்றன. கிறிஸ்துமஸ் வந்தது, போனது.

அன்றைக்குக் காலையில் ஞானப்பிள்ளைகள் புதுத் துணி போட்டுக்கொண்டு ஞானத்தாய் வீட்டுக்கு வருவார்கள். ரொவேனாவுக்கு நிறையப் பேர். அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாளாம். குழந்தைகள் தட்டிவிட்டு, வெளியே நின்று பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அனுப்பிய குரலில் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, கூயா, இவர்களிடம் நான் என்ன சொல்லட்டும் என்றாள்.

5

ஆக, பத்து வரி.

பாய் சொன்ன மாதிரி: "முனி, புயல்னு போட்டுடு. அவங்க ஊர்ல புயலுக்கா பஞ்சம்?"

"அவங்க ஊரு வானத்தப் பத்தி அவங்களாண்டயே பொய் சொல்றதா பாய்?"

அவர் பக்கம் இருக்கிற நியாயத்தையும் நான் எழுத வேண்டும். காசு போட்டோம் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டால் யூனிட்டின் ஏற்றுமதிக்கே சிக்கல் வரும் என்று ஹரிபிரசாத் எச்சரித்திருந்தார். இங்கே தைக்கிறவர்களுக்கும் அடுப்பு இருக்கிறது. அவரை வில்லனாக்கி ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். வில்லன் கிடைத்தால் கதை தானாக ஓடும். ஆனால் மறுநாள் அவர் எதிரில் வந்து, சாப்பிட்டியா முனி என்று கேட்டார். அந்தப் பிரதி அதோடு செத்தது. புயலையும் எழுதிப் பார்த்தேன்:

எதிர்பாராத கடும் புயலால் எங்கள் கப்பல்

கப்பலே இல்லை. விமானத்தில் போன சரக்கு. ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட வரவில்லை.

ஹேமாவதி சொன்ன மாதிரி: "உங்க லைஃப் ஸ்டோரியைப் போடலாம்ணா. கஷ்டப்பட்டு லேட்டா எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட ஒரு லேபர், பாசத்துல காசு போட்டாரு. கூட உங்க ஃபோட்டோ. பேஜைக் காப்பாத்திடலாம். அவங்க அழுதுடுவாங்க."

அதையும் எழுதினேன். ரொம்ப நன்றாக வந்தது. அதுதான் பிரச்சினை. கீதா படித்தாள், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவள் அவள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் கண்கலங்கவில்லை. ழ வரவில்லை என்று அவள் கரண்டியைத் தூக்கி எறிந்தாள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். அப்படி நடந்ததைப் படித்து அவளே அழுகிறாள் என்றால் நான் எழுதியதில் எங்கேயோ கள்ளம் இருக்கிறது. கிழித்துவிட்டேன். அந்தத் தெருவுக்குத் தெரிய வேண்டியது பர்ஸ் ஏன் வரவில்லை என்பது. நான் எப்போது படித்தேன் என்பது இல்லை.

(முதல் பகுதியில் சொன்ன காரணம் இதுதான்.)

ஹேமாவதியைப் பற்றி எழுதியதிலும் எனக்குச் சந்தேகம். ஒரு பிரதியில் அவளை அழ வைத்திருந்தேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எப்பண்ணா அழுதேன்? செம கடுப்புல இருந்தேன். கதைன்னா பொம்பளைங்க அழுதே ஆகணுமா?"

சரி. திருத்துகிறேன். ஹேமாவதி அழவில்லை. பக்கத்தில் வந்த ஒவ்வொரு கமெண்டுக்கும் உட்கார்ந்து பதில் போட்டாள். மன்னிச்சுக்கோங்க சிஸ்டர், விசாரிக்கிறோம் சிஸ்டர். முதலில் கேள்வியாக வந்தது. பிறகு வசவாக வந்தது. கடைசியில் ஒரே வார்த்தை, ஸ்கேம், ஸ்கேம், ஸ்கேம் என்று கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. அதற்கும் பதில் போட்டாள். துப்பட்டாவால் ஃபோனைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். துடைத்தால் போய்விடும் என்கிற மாதிரி. (இந்தக் கடைசி வாக்கியம் நான் சேர்த்தது. அவள் சும்மாதான் துடைத்தாள்.)

ஏன் நடந்ததை அப்படியே எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினேன். 'பர்ஸுக்குள்ளே காசு போட்டேன், அதனால் பிடித்து வைத்துவிட்டார்கள்.' ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்தக் காசைப் பார்த்துத்தான் அவர்கள் எங்களை நம்பினார்கள். அதனால்தான் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நாங்கள் மழுப்புகிறோம் என்பார்கள். மழுப்பாமல் சொல்ல இன்னும் ஒன்பது வரி வேண்டும். அதைத் தேடிக்கொண்டிருந்தபோதே அடுத்தது நடந்துவிட்டது.

6

பாய் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இதை எழுதாமல் விட்டால் கதைக்கு நல்லது. ஆனால் கொடுத்தார். எப்படிக் கொடுத்தார் என்பதுதான் விஷயம். பக்கத்தை விற்றுக் கொடுத்தார்.

பக்கத்தை விற்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. கடையை விற்கலாம், மெஷினை விற்கலாம். பக்கத்தில் என்ன இருக்கிறது விற்க? ஹேமாவதி எரிச்சலோடு விளக்கினாள். அதைத் தினமும் பார்க்கிற பிலிப்பைன் ஜனம் இருக்கிறதே, அதுதான் சரக்கு. திட்டுகிறவர்களும் சரக்குதான். அந்த ஜனத்துக்குச் சிவப்பழகு சோப்பு விற்க ஒரு ஆளுக்கு ஆசை. வாங்கிக்கொண்டான். மேலே இருந்த பேர் மாறியது. 'காலியாக வராது' போனது. என் கை இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் பாதிக் கன்னம் கறுப்பு, பாதிக் கன்னம் வெள்ளை.

பேர் மாறியதே தவிர பழைய வீடியோக்கள் போகவில்லை. ரொவேனா காசைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற வீடியோ அங்கேயே இருக்கிறது. அதுதான் எல்லாரும் அதிகம் பார்த்தது, அதனால் அந்த ஆள் அதை உச்சியிலேயே வைத்திருக்கிறான். மேலே சோப்பின் பேர். கீழே அவள் முகம்.

தெரு பார்க்கும்தானே? பார்த்தது. பணம் திரும்பி வந்ததில் கொஞ்சம் ஆறியிருந்த ஜனம், ஓகோ, அப்படியா என்றது. முதலில் பர்ஸ், இப்போது சோப்பு. இவளுக்கு இது தொழில், நம்மை வைத்துத்தான் பிழைக்கிறாள். கருவாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் அடுத்த கடைக்குத் திரும்பினார்கள். ஞானப்பிள்ளையின் தாய் ஒருத்தி, என் பிள்ளைக்கு வேறு ஞானத்தாய் இல்லாமலா போயிற்று என்று காதுபடவே சொன்னாளாம்.

ரொவேனா எனக்கு அனுப்பியது ரொம்பச் சின்னக் குரல். "கூயா, என் முகத்தை அங்கேயிருந்து எடுத்துவிடு."

ஹேமாவதி அந்த ஆளுக்கு எழுதினாள். ஃபோன் பண்ணினாள். நானும் பக்கத்தில் நின்றேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். மேடம், அந்த ஒரு வீடியோவுக்காகத்தான் நான் பேஜையே வாங்கினேன், அதை எடுத்தால் நான் வாங்கினது என்ன என்றான். பாயிடம் போனோம். அவரிடம் இப்போது பக்கத்தின் சாவி இல்லை. ஹேமாவதியிடம் இல்லை. என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை. இந்த மாதிரிப் பக்கங்களை நடத்துகிற கம்பெனிக்கே புகார் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒரு பதில் வந்தது. அதை யார் எழுதினார்கள் என்று ஹேமாவதியிடம் கேட்டேன். யாரும் எழுதலண்ணா, அதுவா வரும் என்றாள்.

எனக்கு இவ்வளவு பாடு. அதுவாகவே ஒரு பதில் எழுதிக்கொள்கிறது.

அந்த மாதமே ஹேமாவதி பழைய கால் சென்டருக்குத் திரும்பிப் போய்விட்டாள். போகும்போது, பத்து வரியை மட்டும் முடிச்சுடுங்கண்ணா என்றாள். எங்கே போடுவதும்மா என்று கேட்டேன். எங்கேயாவது போடுங்கண்ணா என்று பையை மாட்டிக்கொண்டாள். அதனால்தான் இது உங்களிடம் வந்திருக்கிறது. இதைப் போட எங்களுக்கு இப்போது பக்கம் இல்லை.

7

முடிவுகள்.

ஒன்று. மணிலாக் கிடங்கில் ஒரு அதிகாரி பெட்டியைப் பிரிக்கிறார். அவரும் யாருக்கோ ஞானத்தந்தை. காசைப் பார்த்துப் புரிந்துகொண்டு விட்டுவிடுகிறார். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். திங்கட்கிழமை படிக்க முடியவில்லை.

இன்னொன்று. சோப்புக்காரனுக்கு மனம் மாறுகிறது. இதை நான் எழுதவே இல்லை, பேருக்குச் சொல்கிறேன். அவனைக் கெட்டவனாகவும் என்னால் எழுத முடியவில்லை. வாங்கின பொருளை வைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

இன்னொன்றில் நானே கிளம்பிப் போகிறேன். அந்தத் தெருவில் நின்று, என் வாயால் சொல்கிறேன். அவர்கள் பாஷையிலேயே சொல்கிறேன். சண்டைக்கும் சோற்றுக்கும் கற்றுக்கொண்ட பாஷையில் மன்னிப்புக் கேட்க வார்த்தை போதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாலு பக்கம் ஓடியது இது. எழுதும்போது கீதா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிளேன் டிக்கெட் யாரு எடுத்தாங்க என்று கேட்டாள். பேனாவை மூடினேன்.

உண்மையான முடிவு என்று ஒன்று இருந்தால், அது இந்த வாரம் வந்த குரல்தான். ரொவேனா ரொம்ப நாளைக்கப்புறம் அனுப்பியிருந்தாள். யூனிட் வாசலில் நின்று கேட்டேன், லாரி சத்தத்தில் புரியவில்லை, உள்ளே போய்த் தோல் கட்டுகளுக்கு நடுவில் நின்று மறுபடி கேட்டேன். அழவில்லை, திட்டவில்லை. மீன் வரத்து குறைவு என்றாள். கடையை மார்க்கெட்டின் பின்பக்கம் மாற்றிக்கொண்டதாகச் சொன்னாள். பிறகு, நீ அதை எழுத வேண்டாம் கூயா, இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை என்றாள்.

பின்னால் தெருச் சத்தம் இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. அந்தக் குரல் முழுக்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

கேட்கிற வரைக்கும் பதிலுக்கு ஒரு இடம் இருக்கும். கேட்பதை விட்டுவிட்டால், அவர்கள் தாங்களாகவே ஒரு பதிலை எழுதி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதில் ரொவேனா என்னவாக இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியும்.

அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வேண்டாம் என்றவளுக்கு எழுதுவது சரியா என்று தெரியவில்லை. எழுதாமல் இருப்பதும் சரியாகப் படவில்லை. முதல் வரி மட்டும் வைத்திருக்கிறேன். மீதியை என்னால் முடியவில்லை. உங்களுக்கு என்னைவிட நிறைய வார்த்தை தெரியும். பிடித்துக்கொள்ளுங்கள்.

ரொவேனா, இனிமேல் எப்போதாவது யாராவது கேட்டால்,